பதினான்காம் பக்கத்தின் கடைசி வரி

பிப்ரவரி 9

அண்ணா,

போன் செய்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். கல்லைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், போனை வைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வரும். அதனால்தான் கடிதம். இதில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி பிரசவ ஆஸ்பத்திரியின் முன்சுவரிலிருந்து ஒரு கல் பலகை உரிந்து விழுந்தது. பேப்பரில் பார்த்திருப்பாய். இரண்டாம் மாடி உயரம். கீழே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு வேலைக்கார அம்மா ஒருத்தியின் தோளில் விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஜெயில் விலாசம் போட்டு அவரே எழுதியிருப்பார்.

அவர் என்றால் என் புருஷன். அந்தச் சுவரில் கல் மாட்டிய கொத்தனார் அவர்தான். உனக்குத் தெரிந்திருக்காது. கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் அவர் எந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறார் என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. "என்ன, வேலையெல்லாம் நடக்குதா?" என்பாய். "நடக்குதுங்க" என்பார். அதோடு உங்கள் பேச்சு முடிந்துவிடும்.

கான்ட்ராக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். விசாரணை மார்ச் பன்னிரண்டாம் தேதி. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் தொழில் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், பின்னாலேயே போலீஸ் கேஸ் வரும்.

நேற்று விசாரணை ஆபீஸில் கான்ட்ராக்டர் தரப்புக் காகிதங்களின் நகலைக் கொடுத்தார்கள். ஏழாவது இணைப்பு ஒரு சின்னப் புத்தகம். பச்சை அட்டை. "கற்களோடு ஒரு நடை." எழுதியது நீ. பதினான்காம் பக்கத்தில் அந்த ஆஸ்பத்திரிச் சுவரின் படம். கீழே நீ எழுதியதை அப்படியே தருகிறேன், மறந்திருப்பாய்:

"மணற்கல்லில் சீட்டுக்கட்டைப் போல அடுக்குகள் உண்டு. கட்டைப் படுக்க வைத்தால் கிடக்கும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு சீட்டாக உரியும். இந்தச் சுவரில் அடுக்குகள் நிமிர்ந்து நிற்கின்றன. சில ஆண்டுகளில் தோல் உரியும். கொத்தனாருக்கு என்ன அவசரமோ, கல்லின் தலை எது கால் எது என்று பார்க்க நேரமில்லை!"

அந்த ஆச்சரியக்குறியை நீ போட்டாயா, அச்சகத்தில் போட்டார்களா?

கடைசி வரிக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு குறிப்பு: "பொழுதுபோக்குக்குக் கல் பார்ப்பவர்களுக்கே தெரிந்தது, பதித்தவருக்குத் தெரியவில்லை."

அந்த வரி தவறு. தவறு என்று அதிகாரிக்கு எழுதிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது உன் வீட்டுக்காரர் செய்த வேலை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கிண்டலை எழுதியிருக்க மாட்டேன். ஆச்சரியக்குறி நான் போட்டதுதான்.

ஆனால் பாப்பா, கோபப்படாமல் கேள். கிண்டலை எடுத்துவிடலாம். விஷயத்தை எப்படி எடுப்பது? மணற்கல்லை அடுக்கு நிமிர்ந்தபடி வைப்பது பதிப்பவரின் பிழை என்று நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நானாகக் கண்டுபிடித்தது அல்ல.

நான் யார் என்று உனக்குத் தெரியும். வரி ஆபீஸில் மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் விட்டுப்போன கட்டத்தைத் தேடுகிற எழுத்தர். அங்கே எனக்குப் பெயர் "நாலாம் நம்பர் கவுன்ட்டர்". ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் பதினெட்டுப் பேர் என் பின்னால் நடந்து, "கல்லு சார், கல்லு சார்" என்கிறார்கள். பல் டாக்டரம்மா, ரிட்டயரான பேங்க் மேனேஜர், இரண்டு டீச்சர்கள், எல்லோரும் படித்தவர்கள். பேங்க் வாசல் படியில் புதைந்திருக்கும் ஆதிகாலச் சிப்பியின் மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அந்த மேனேஜர் முப்பது வருடம் அந்தப் படியை மிதித்து ஏறியவர். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "இத்தனை நாளா குருடனா இருந்திருக்கேன் சார்" என்றார். இவர்கள் என்னை நம்புவதற்கு ஒரே காரணம், கல் விஷயத்தில் நான் ஆள் பார்த்துப் பேச மாட்டேன். தங்கை வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் வரியை மாற்றினால், அப்புறம் நான் சொன்ன எதை நம்புவார்கள்?

அண்ணனாக ஒரு யோசனை சொல்கிறேன். விசாரணையில் அவரைப் பணிந்து பேசச் சொல். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அதிகாரிகள் இளகுவார்கள். மனிதர்தானே, தவறு நடப்பதுதான். என் ஆபீஸில் ஒருவருக்கு நல்ல வக்கீலைத் தெரியும். வேண்டுமானால் விசாரிக்கிறேன்.

குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

"பணிந்து பேசச் சொல்." இந்த மூன்று வார்த்தையை எழுதும்போது உன் கை ஒரு இடத்திலாவது நின்றதா?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து, குளியலறைக்கு வாங்கி மிச்சமான ஒரு டைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்குத் தலை எது, கால் எது? உங்க அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் முழுக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். கொத்தனார் அதைப் புரட்டிப் பார்த்து அடுக்கைப் படுக்கவும் வைக்கலாம், நிமிர்த்தவும் வைக்கலாம். உன் புத்தகங்கள் திட்டுவது அந்தக் கொத்தனாரை. ஆஸ்பத்திரிச் சுவர் கல்லால் கட்டியதே இல்லை, அது கான்கிரீட். அதன் மேல் மூன்று சென்டிமீட்டர் கனத்தில் அறுத்த பலகையை எஃகு ஊசி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அடுக்கோடு அடுக்காக அறுத்த பலகையைத் தலைகீழாக மாட்டு, பக்கவாட்டில் மாட்டு, எப்படி மாட்டினாலும் அடுக்கு சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். அதை மாற்ற வேண்டுமானால் கல்லைக் குறுக்கே அறுத்திருக்க வேண்டும். குறுக்கே அறுத்தால் சின்னப் பலகைதான் வரும். முதலாளிகளுக்குப் பெரிய பலகை வேண்டும். அறுப்பது ஆலை. மாட்டுவது இவர். உன் புத்தகத்தில் இது இல்லையா?

முதல் லோடு வந்த அன்றே சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். நல்ல பலகை கணீரென்று கேட்குமாம். பதினொரு பலகை டொக்கு டொக்கென்றது. தனியே சாத்தி வைத்தார். சைட் இன்ஜினியர் வந்தான்.

"ஏம்ப்பா, இதை ஏன் ஒதுக்கி வச்சிருக்கே?"

"சத்தம் சரியில்ல சார். உரியும்."

"நீ கல்லு மாட்ட வந்தியா, கச்சேரி கேக்க வந்தியா? எடுத்து மாட்டு."

மாட்டினார். மாட்டாவிட்டால் அன்று மத்தியானமே வேறு ஆள் மாட்டியிருப்பான், இவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இதற்கு எழுத்து ஒன்றும் கிடையாது. இவர் சொன்னதை யார் எழுதி வைப்பார்கள்? நீ விளையாட்டாக எழுதினது மட்டும் ஏழாவது இணைப்பாகிவிடுகிறது.

நான் ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறவள். சட்டை கோணினால் தைத்தவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கிழிப்பார்கள். துணியைக் கோணலாக வெட்டிய கட்டிங் மாஸ்டர் உள் அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். எனக்கு இது தினசரி. உனக்கு எப்படித் தெரியும்? நீ கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறாய்.

நம்பவில்லையென்றால் உன் புத்தகத்தையே எடு. ஒன்பதாம் பக்கம், "குவாரியும் அறுவை ஆலையும்". போன வருடம் ஜனவரியில் உன் ஞாயிற்றுக்கிழமைக் கல் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்தப் படம். ரம்பத்துக்கு அடியில் ஒரு பாறை. பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு அம்பு, அதன் கீழே ஒரு எண். பூமியில் கிடந்தபோது எது மேல் பக்கம் என்று காட்டத்தான் அந்த அம்பு போடுகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். படத்தில் அம்பு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ரம்பம் அதை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. அம்பு அடுக்குகளுக்குக் குறுக்கே ஓடுவது, அதை வெட்டினால் அடுக்கோடு அறுக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைப் பார்த்த நிமிடம் அவர் சொன்னார்: "இது எங்க கல்லு. இந்த நம்பர்தான் லோடு சீட்டுல வந்துச்சு."

நீ அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாய்? "நம் சங்கத் தலைவர் தமது ஆலையில் அளித்த அன்பான வரவேற்பை மறக்க முடியாது." ஒன்பதாம் பக்கத்தில் கையும் களவுமாகப் படம் பிடித்துவிட்டு, பதினான்காம் பக்கத்தில் வேறு ஆளைத் தூக்கில் போட்டிருக்கிறாய். நடுவில் நான்கே பக்கம்.

அச்சில் எண்ணின் பாதி மங்கிவிட்டது, மிச்சத்தை வைத்துத்தான் அவர் சொன்னார். உன்னிடம் அசல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி வந்து நில். வக்கீல் வேண்டாம்.

உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும்.

அசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் முழுதாகத் தெரிகிறது. ரம்பத்தின் திசையும் தெரிகிறது. உன் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஒரு டைலை வைத்து அவர் சொன்னதை நான் இருபது வருடம் படித்தும் யோசிக்கவில்லை. முழுக் கல் சுவருக்கு எழுதிய விதியைப் பலகைச் சுவருக்குப் போட்டுவிட்டேன். என் கண் முன்னால் அறுத்தார்கள், பாப்பா. நாங்கள் பதினெட்டுப் பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்று, பலகை சாய்ந்ததும் கை தட்டினோம்.

அடுத்த பதிப்பு ஜூனில் வருகிறது. அதில் பிழைத்திருத்தம் போடுகிறேன். விற்காமல் இருக்கும் பிரதிகளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டவும் ஏற்பாடு செய்கிறேன்.

விசாரணைக்கு வருவது பற்றி. ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆலை முதலாளியை, எங்கள் சங்கத் தலைவரைத்தான், போய்ப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"கல்லு சார், உங்களை மாதிரி கல்லை நேசிக்கிறவர் இந்த ஊர்ல யாரு இருக்கா? குவாரி கேட்டை உங்களுக்காகத்தான் திறந்து வைக்கச் சொல்லியிருக்கேன். வேற முதலாளி யாராவது உள்ள விடுவானா?"

"இல்லைங்க."

"கொத்தனார் உங்க சொந்தம்னு கேள்விப்பட்டேன். பாவம். அவருக்கு நம்ம ஆலையிலேயே வேலை போட்டுடலாம். உள்ளுக்குள்ள, வெளிய தெரியாம. நீங்க அந்தப் படத்தை மட்டும் படமா வச்சிருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

நான் வந்து நின்றால் குவாரி கிடையாது, சங்கம் கிடையாது. திங்கள் முதல் சனிவரை நான் எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையை வெட்டிவிட்டால் மிச்சம் நாலாம் நம்பர் கவுன்ட்டர்தான். படத்தைப் பெயர் போடாமல் தபாலில் அனுப்பினால் போதாதா? யார் எடுத்தது என்று அவர்கள் கேட்காமலிருக்கவும் வாய்ப்பு உண்டு. நீ சொல்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

பெயர் இல்லாத படம் யாருக்கும் வேண்டாம். கான்ட்ராக்டரின் வக்கீல் அதைக் கசக்கிப் போட ஒரு நிமிடம் போதும். துண்டுச் சீட்டு ஒட்டப் போகிறாயாம், ஜூனில்! மார்ச்சில் அட்டை போய்விடும், ஜூனில் பசையைக் கொண்டு வா, அவர் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறோம்.

உள்ளுக்குள்ளே, வெளியே தெரியாமல் வேலை. அதை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது, உனக்காக.

இன்று வேறு விஷயம் எழுத வேண்டும். நேற்று ஷிஃப்ட் முடிந்து, அடிபட்ட அம்மாவைப் பார்க்கப் போனேன். என்னையும் பெரிய யோக்கியமாக நினைக்காதே. ஒரு மாதமாகியும் எனக்கும் போகத் தோன்றவில்லை. எங்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்வாளா என்று கேட்கத்தான் போனேன். அவள் பெருக்கிய அதே ஆஸ்பத்திரியில், பின்கட்டில், ஒரு கட்டிலில் கிடக்கிறாள். தோள்பட்டை மூன்று இடத்தில் நொறுங்கியிருக்கிறது. வலது கை இனிமேல் தலைக்கு மேலே வராது. தலை வார மருமகளைக் கூப்பிட வேண்டும், மருமகளுக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொல்லிச் சிரித்தாள்.

யார் வீட்டுப் பெண் என்று கேட்டாள். கொத்தனார் பெண்டாட்டி என்றேன், முகம் சுளிக்கவில்லை. புத்தகம் எழுதியவர் என் அண்ணன் என்றேன். அப்போது கேட்டாள்:

"யாரு, கழுத்துல பூதக்கண்ணாடி தொங்கவிட்டுக்கிட்டு, ஒரு கூட்டத்தோட வந்தாரே, அவரா? ஜூலை மாசம். ஞாயித்துக்கிழமை."

"அவர்தான்மா."

"நல்ல மனுசன். பாட்டில்ல தண்ணி தீந்துபோச்சுன்னாரு. நாந்தான் உள்ள போய்ப் புடிச்சாந்து குடுத்தேன். சுவத்துல ஊத்தி ஊத்திப் பாத்தாங்க. எல்லாரும் அண்ணாந்து போட்டோ எடுத்தாங்க. என்ன சார் அப்புடிப் பாக்குறீங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, கல்லு சமாச்சாரம், உனக்குப் புரியாதுன்னாரு."



அண்ணா, நான் இதுவரை உன்னோடு போட்டது சின்னச் சண்டை. கொத்தனாரா, ஆலையா, யார் பிழை என்று. உரியும் என்று உனக்குத் தெரியும். ஜூலையிலேயே தெரியும். பதினெட்டுப் பேருக்குச் சொன்னாய். அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாய். தினமும் அந்தச் சுவருக்கு அடியில் குனிந்து நிற்கிறவள், உன் கைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள், வாய் திறந்து கேட்டாள். அவளுக்கு மட்டும் புரியாது. "இங்க நிக்காதீங்கம்மா, கல்லு விழும்." இதில் எந்த வார்த்தை அவளுக்குப் புரியாது?

ஆஸ்பத்திரி ஆபீஸ் அறை வாசலிலிருந்து இருபது அடி. யாராவது ஒருவர் உள்ளே போயிருக்கலாம். படித்தவர்கள், எல்லோரும் படித்தவர்கள் என்று எழுதியிருந்தாய். மிச்சமான பாட்டில் தண்ணீரை என்ன செய்தீர்கள், குடித்தீர்களா?

இனிமேல் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். விசாரணை பதினோரு மணிக்கு. எங்கே என்று உனக்குத் தெரியும்.

தங்கை


மார்ச் 13

பாப்பா,

நேற்று நீ ஷிஃப்டை விட்டு வர முடியவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் எதையும் முழுதாகச் சொல்கிறவர் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். என்னைப் பெரிதாக்கி எழுத மாட்டேன்.

பதினெட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன், ஜூலையில் நாம் எல்லோரும் பார்த்தோம், வந்து சொல்லலாம் என்று. பேங்க் மேனேஜர், "குடும்ப விஷயத்துல சங்கத்தை இழுக்காதீங்க சார்" என்று பதில் போட்டார். வந்தது பல் டாக்டரம்மா மட்டும். ஆலையில் அவர் எடுத்த மூன்று படங்களையும் தேதியோடு கொண்டுவந்தார். ஒன்றில் தலைவரின் முகமும் எண்ணும் சேர்ந்து இருக்கின்றன.

மாப்பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். 

படங்களைக் கொடுத்தேன். எப்படி அறுத்தார்கள், அப்படி அறுத்த பலகையை எந்தக் கொத்தனாரும் வேறு விதமாக மாட்ட முடியாது என்று சொன்னேன். கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார். இளவயது. நன்றாகப் பேசுகிறவர்.

"சார் எந்தக் காலேஜ்ல ஜியாலஜி படிச்சீங்க?"

"படிக்கலைங்க."

"சுரங்கத் துறையில வேலையா?"

"வரி ஆபீஸ்ல எழுத்தர்."

அறையில் சிரித்தார்கள். ஆலை சார்பில் வந்து உட்கார்ந்திருந்த தலைவர் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ கல்லை இப்படி அறுக்கணும், அப்படி மாட்டணும்னு சொல்றதுக்கு நீங்க யாரு சார்?"

பாப்பா, இருபது வருடமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். நடையில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு புத்தகம் அதிகமாகச் சுமந்து போவேன். நேற்று கேட்டுவிட்டார்கள். பயமாக இல்லை. கோபமாக இருந்தது.

"நான் யாரும் இல்லைங்க. உங்க ஏழாவது இணைப்பை எழுதினவனும் இந்த ஆள்தான். இன்னிக்கு நான் பேசுறது செல்லாதுன்னா, அன்னிக்கு எழுதினதும் செல்லாது, கிழிச்சுப் போடுங்க. அது செல்லும்னா இதுவும் செல்லும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலைப் பார்த்து, "பதில் இருக்கா?" என்றார். அவர் காகிதத்தைப் புரட்டினார். ஏழாவது இணைப்பை எடுத்துவிடச் சொல்லி எழுதினார்கள்.

"நீங்க போகலாம்" என்றார் என்னிடம். நான் போகவில்லை.

"இன்னொண்ணு இருக்கு மேடம். அது உரியும்னு எனக்கு ஜூலையிலேயே தெரியும். ஆஸ்பத்திரியில யாருக்கும் சொல்லல. அடிபட்ட அம்மா என்னைக் கேட்டாங்க. உனக்குப் புரியாதுன்னு சொன்னேன். இதையும் எழுதிக்கங்க."

"இதை நீங்க சொல்லணும்னு அவசியம் இல்லையே."

"அவசியம் இல்லாததுனாலதான் அப்பவும் சொல்லல மேடம்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். என் ஆபீஸுக்கு நகல் போகுமாம். வெளியே வந்தபோது தலைவரின் டிரைவர், குவாரி கேட் சாவி நகலைத் திருப்பிக் கேட்டான். சாவிக்கொத்திலிருந்து கழற்ற வரவில்லை, நகம் பெயர்ந்துவிட்டது. கொத்தோடு கொடுத்தேன். அப்புறம்தான் வீட்டுச் சாவியும் அதில் இருந்தது ஞாபகம் வந்து, அவன் பின்னால் ஓடினேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இனிமேல் வேலை இல்லை. வீட்டுக்கு வரலாமா? நீ கதவைத் திறக்காவிட்டாலும் எனக்குப் புரியும்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

தீர்ப்பு வந்துவிட்டது. அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். தொழில் அட்டை கைக்கு வந்துவிட்டது. கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டான். வேறு இடம் பார்த்துக்கொள்வார். அறுவை ஆலையைப் பற்றி "மேலும் ஆராயப்படும்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு உன் தலைவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அந்த அம்மாவுக்கு என்ன என்று தீர்ப்பில் தேடினேன். "காயமடைந்த பணியாளர்" என்று இரண்டு இடத்தில் வருகிறது. அவ்வளவுதான்.

நீ அங்கே சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். முழுதாகவே சொன்னார், நீ நினைப்பது போல இல்லை. கேட்டு அழுதேன். ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை அவரோடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். உரிந்த இடம் மட்டும் பல் போன மாதிரி இருக்கிறது. மற்ற பலகைகள் எல்லாம் அப்படியே சுவரில். மேலே போய்த் தட்டாமலே அவரால் சொல்ல முடிகிறது, இது போகும், அது போகும் என்று. கீழே அதே நடைபாதை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வரிசையில் நிற்கிறார்கள். வேறு ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள், இவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு கயிறு இல்லை, ஒரு எச்சரிக்கைப் பலகை இல்லை, "இங்கே நிற்காதீர்கள்" என்று ஒரு சாக்பீஸ் எழுத்து இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். விசாரணை முடிந்துவிட்டதே அம்மா என்றார்கள்.

அதனால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராதே. ஆஸ்பத்திரி வாசலுக்கு வா, காலை ஏழு மணிக்கு. அவர் கயிறும் மூங்கிலும் கொண்டு வருகிறார். பல் டாக்டரம்மாவை வரச் சொல், பெரிய எழுத்தில் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. நடைபாதையை அடைத்து, வரிசையைப் பக்கவாட்டுக் கதவுக்குத் திருப்பிவிடுவோம். வருகிற ஒவ்வொருத்தியிடமும் நீதான் சொல்ல வேண்டும், அவளுக்குப் புரிகிற மாதிரி. காவலாளி கத்துவான். கத்தட்டும்.

அனுமதி வாங்கலாமே என்று எழுதிவிடாதே. கேட்டால் தேதி கொடுப்பார்கள்.

தங்கை